மூன்றாம் மேசைக்கு நியாயம்

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடக்கும். மூன்று மேசை, மூன்று அணி, பதில் தெரிந்தவர் கை தூக்க வேண்டும். போன வருடம் கடைசிச் சுற்றில் யார் கை முதலில் எழுந்தது என்று தொடங்கிய சண்டை பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குத் தாவி, சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போகும்வரை ஓடியது. "அடுத்த வருஷம் டிவியில வர்ற மாதிரி பட்டன் வெச்சுடலாம்" என்றார் சங்கச் செயலாளர். "நான் செஞ்சு தர்றேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான் என்று எனக்கே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

நான் படித்தது பி.காம். வேலை ஒரு தணிக்கை அலுவலகத்தில். மின்சாரத்தில் என் அனுபவம் டியூப்லைட் ஸ்டார்ட்டரைத் திருகுவதோடு முடிந்துவிடும். துணைக்கு எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். ஐப்பசி மழையில் ஆரம்பித்துத் தை பிறக்கும்வரை இருவரும் இதைக் கட்டினோம். எதெதில் மாட்டிக்கொண்டோம் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். வரைபடமும் நிரலும் தேடினால் ஆயிரம் கிடைக்கும்.

சாமான் வாங்கச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போனோம். "ஒரிஜினலா, க்ளோனா சார்?" என்றார் கடைக்காரர். நாங்கள் கேட்டது ஆர்டுயினோ யூனோ, நாம் எழுதும் நிரலின்படி பட்டனைப் பார்த்து விளக்கைப் போடும் ஒரு குட்டிக் கணினிப் பலகை. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்ட ஒன்று. அதனால் அதே அமைப்பில் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். தப்பில்லை, விலையும் குறைவு. க்ளோனே வாங்கினோம். அதோடு ஒரு ப்ரெட்போர்டு (ஈயம் வைக்காமல் ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), ஒரு கட்டு ஜம்பர் ஒயர், சிவப்பு, பச்சை, மஞ்சளில் எல்இடி, நாலு கால் வைத்த சின்னப் பட்டன்கள், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒரு கைப்பிடி.

இந்த ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து உருவானது. பொறியியல் தெரியாதவர்களும் ஒரு விளக்கை எரியவைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். பெயர் அந்த ஊரில் அவர்கள் கூடிய மதுக்கூடத்துடையது. மதுக்கூடத்துக்கோ 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுயினின் பெயர். பி.காம். படித்தவனுக்கு இது கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது.

பலகையின் நடுவில் இருக்கும் கறுப்புச் சிப் ஏடிமெகா328பி. நிரல் வைக்க 32 கிலோபைட், வேலை நேர நினைவகம் 2 கிலோபைட், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். செல்போனில் எடுக்கும் சாதாரணப் படம் ஒன்றே அந்த 32 கிலோபைட்டைவிட ஏறக்குறைய நூறு மடங்கு பெரிது. ஆனால் மூன்று பட்டனைப் பார்த்து ஒரு விளக்கைப் போட இதுவே தாராளம்.

கணினியில் செருகியதும் பலகை தெரியவில்லை. க்ளோன்களில் யுஎஸ்பி வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் சிஎச்340 என்ற இன்னொரு சிப். அதற்கான டிரைவர் மென்பொருளைக் கணினியில் போட்டதும் தெரிந்தது. பலகையின் ஓரத்தில் ஒயர் சொருக எண் போட்ட இணைப்புகள் இருக்கும், அவற்றுக்குப் 'பின்' என்று பெயர். பலகையிலேயே 13ஆம் பின்னோடு ஒரு குட்டி எல்இடி உண்டு. மாதிரி நிரலை ஏற்றியதும் அது நொடிக்கு நொடி மினுக்கியது. மகள் 1000 என்ற எண்ணை 100 ஆக்கினாள், படபடவென்று மினுக்கியது. "அவ்வளவுதானா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

வெளியே தனியாக ஒரு எல்இடி மாட்டியபோது முதல் சறுக்கல். எல்இடியின் நீளமான கால் பிளஸ் என்பது சரியாகத் தெரிந்தது. கூடவே ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும் என்பதும் தெரியும். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டைத் தான் எடுத்துக்கொள்ளும். பின்னிலிருந்து வருவது 5. மிச்சம் 3 வோல்ட்டை 220 ஓமில் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர். ஒரு பின்னில் 20க்குள் வைத்துக்கொள்வது நல்லது, 40ஐத் தொட்டால் சிப்புக்கே ஆபத்து. கணக்கு பிசகவில்லை, ஆனால் எல்இடி மின்மினிப் பூச்சி அளவுக்குத்தான் எரிந்தது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மகள் ரெசிஸ்டரை வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. நமக்கு வேண்டியது சிவப்பு, சிவப்பு, பிரவுன்" என்றாள். நான் சொருகியிருந்தது 22,000 ஓம். நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் பிரவுனும் ஆரஞ்சும் ஒன்றுதான். வெள்ளெழுத்து வந்தவர்கள் ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் அளந்துவிட்டுச் சொருகுங்கள். கண்ணை நம்பாதீர்கள்.

விளக்கு வரைக்கும் தொல்லை இவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த அத்தனை தலைவலியும் பட்டனிடமிருந்து வந்தது. விளக்கு சொன்னபடி கேட்கிற பிள்ளை. பட்டன் வெளியுலகத்திலிருந்து சேதி கொண்டுவருகிற ஆள். அது கொண்டுவருவதை அப்படியே நம்பினால் தொலைந்தோம்.

முதலில் அதன் நாலு கால். சின்னப் பட்டனில் நாலு கால் இருந்தாலும் உள்ளே இரண்டு இரண்டாக எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. தவறான இரண்டைப் பிடித்தால் பட்டன் எந்நேரமும் அழுத்தியபடியே இருப்பதாகச் சிப் நினைத்துக்கொள்ளும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களைப் பிடித்துக்கொண்டால் எப்படித் திருப்பி வைத்தாலும் தப்பாகாது. இந்த ஒரு வரி முன்னமே தெரிந்திருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

பட்டனின் ஒரு காலை 5 வோல்ட்டுக்கும் இன்னொன்றை 2ஆம் பின்னுக்கும் கொடுத்தோம். அழுத்தினால் 5 வோல்ட் போகும், விளக்கு எரியும். விட்டால் ஒன்றும் போகாது, அணையும். நியாயமான எண்ணம்தானே? அழுத்தினால் எரிந்தது. விட்டால் சில சமயம் அணைந்தது, சில சமயம் எரிந்துகொண்டே இருந்தது. ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனால் தொடாமலே மினுங்கியது. மகளுக்கு ஒரே குஷி. தோழிகளைக் கூப்பிட்டு மந்திரவாதம் காட்டத் தொடங்கிவிட்டாள்.

நான் 'ஒன்றும் போகாது' என்றதைச் சிப் '0 வோல்ட்' என்று எடுத்துக்கொள்ளாது. எங்கும் கட்டப்படாத ஒயர் அதற்கு அந்தரத்தில் தொங்குகிற ஒயர்தான். உள்ளீட்டுப் பின் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. அதனால் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் பட்டாலே போதும், நம் உடம்பு அதை ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்தாலே போதும், 1 என்றும் 0 என்றும் மாறி மாறிப் படிக்கும். தாழ் போடாத கதவு காற்றுக்கு ஆடுகிற மாதிரி. கதவை ஒரு பக்கமாக மெல்ல இழுத்து வைக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். அந்த ஸ்பிரிங்தான், பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர். சிப்புக்குள்ளேயே அது இருக்கிறது, 20 முதல் 50 கிலோ ஓம் வரை. நிரலில் பின்னை 'இன்புட் புல்-அப்' என்று அறிவித்தால் போதும். பட்டனின் மறு காலை 5 வோல்ட்டிலிருந்து எடுத்துக் கிரவுண்டில், அதாவது 0 வோல்ட்டில், கொடுத்தோம்.

இதில் ஒரு தலைகீழ் உண்டு. அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. பழகும்வரை மண்டை குழம்பும். மகள் ஒரு சீட்டில் 'அழுத்தினால் 0' என்று எழுதிக் கணினி மூலையில் ஒட்டிவிட்டாள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டு பட்டன் சரியாக வேலை செய்தது. மூன்றாவது செத்துக் கிடந்தது. பட்டனை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், பின்னை மாற்றினேன். ஒரு மாலை முழுக்கப் போனது. குற்றவாளி ப்ரெட்போர்டு. சில பெரிய ப்ரெட்போர்டுகளில் ஓரமாக ஓடும் பிளஸ், மைனஸ் வரிசைகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் சிவப்புக்கோடும் நீலக்கோடும் நடுவில் ஒரு இடைவெளி விடுவது தெரியும். மூன்றாவது பட்டன் அந்த வெட்டுக்கு அப்பால் இருந்தது. அதற்குக் கிரவுண்டே போகவில்லை. ஒரு சின்ன ஒயரால் பாலம் போட்டதும் உயிர் வந்தது.

அடுத்தது துள்ளல். விளையாட்டுக்காக மகள் ஒரு பட்டனை ஒருமுறை அழுத்தினால் விளக்கு எரியவும், மறுமுறை அழுத்தினால் அணையவும் செய்து பார்த்தாள். சில முறை அழுத்தினால் ஒன்றுமே மாறவில்லை. எத்தனை அழுத்தல் பதிவாகிறது என்று திரையில் எண்ணச் சொன்னோம். பத்து முறை அழுத்தினால் பதினாலு, பதினாறு என்று வந்தது. பட்டனுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த ஐந்து ரூபாய் நாணயம் போலத் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். சில மில்லிநொடிதான். நமக்குத் தெரியாது. ஆனால் அதற்குள் சிப் ஆயிரக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும். ஒவ்வொரு துள்ளலும் அதற்கு ஒரு புது அழுத்தல்.

இதற்கான பிரபலமான கைவைத்தியம், நிரல் ஒரு சுற்று ஓடி முடிந்ததும் 50 மில்லிநொடி சும்மா இரு என்று 'டிலே' போடுவது. துள்ளல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோம். பத்துக்குப் பத்து வந்தது. அந்த ஒரு வரியை வினாடி வினா நிரலிலும் அப்படியே ஒட்டிவைத்தேன். இந்த முழுத் திட்டத்திலும் நான் செய்த பெரிய தப்பு அதுதான், அப்போது தெரியவில்லை.

நிரல் இப்படி இருந்தது. ஒன்றாம் பட்டனைப் பார், அழுத்தியிருந்தால் ஒன்றாம் விளக்கைப் போட்டு மற்றவற்றைப் பூட்டு. இல்லையென்றால் இரண்டாவதைப் பார். இல்லையென்றால் மூன்றாவது. யாரும் அழுத்தவில்லையென்றால் 50 மில்லிநொடி இரு, மறுபடி முதலிலிருந்து பார். கூடத்து மேசையில் மூன்று பட்டனையும் பரப்பி, மாடி வீட்டுப் பையன் ஒன்றிலும் மகள் மூன்றிலுமாக உட்கார்ந்து விளையாடினார்கள். நான் 'ரெடி' சொல்வேன், முதலில் அழுத்துபவருக்கு ஜெயம். நாலைந்து ஆட்டத்துக்கு அப்புறம் மகள் முகம் சுருங்கியது.

"அப்பா, நான்தான் ஃபர்ஸ்ட் அழுத்தினேன்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

சொன்ன வாய் மூடுவதற்குள் போன பொங்கல் ஞாபகம் வந்தது. இதே வாக்குவாதத்துக்காகத்தானே இதைக் கட்டவே ஆரம்பித்தோம்? இடம் மாறி உட்காரச் சொன்னேன். இப்போது மகள் ஜெயிக்க ஆரம்பித்தாள், பையன் முகம் சுருங்கியது.

சந்தேகம் வந்தால் சோதித்துவிடுவது என் தொழில். மூன்று பின்னையும் ஒரே ஒயரில் சேர்த்து ஒரே ஒரு பட்டனைக் கொடுத்தேன். இப்போது மூன்று அணியும் அணுவளவும் பிசகாமல் ஒரே நேரத்தில் அழுத்துகிற மாதிரி. நேர்மையான இயந்திரமாக இருந்தால் தடுமாற வேண்டும். ஐம்பது முறை அழுத்தினேன். ஐம்பது முறையும் ஒன்றாம் அணிக்கே வெற்றி. ஒரு ரசீதுப் புத்தகத்தில் இப்படிப் பார்த்திருந்தால் அன்றைக்கே காசாளரைக் கூப்பிட்டிருப்பேன்.

காரணம் பிடிபட அதிக நேரமாகவில்லை. சிப் 50 மில்லிநொடி தூங்குகிறது. அந்தத் தூக்கத்தின் தொடக்கத்தில் மூன்றாம் மேசையும் முடிவில் ஒன்றாம் மேசையும் அழுத்தினால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். கண் விழித்ததும் பழக்கம்போல முதல் மேசையைப் பார்க்கிறது, அங்கே அழுத்தியிருக்கிறது, தீர்ப்பு எழுதிவிடுகிறது. மூன்றாம் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. போட்டியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த 50 மில்லிநொடிக்குள்தான் இருக்கும். நெருக்கமான ஆட்டம் எல்லாமே முதல் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

டிலேயின் அளவைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, இந்த இயந்திரத்துக்குத் துள்ளல் ஒரு நோயே இல்லை. எண்ணுகிற இடத்தில்தான் துள்ளல் கெடுதல். இங்கே முதல் தொடுதல் மட்டும்தான் கணக்கு. அது பதிவானதும் எல்லாம் பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு பட்டன் பத்து முறை துள்ளினால் என்ன, நூறு முறை துள்ளினால் என்ன? இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்து ஆரோக்கியமான ஆளைப் படுக்கவைத்திருக்கிறேன். டிலேயை அழித்தேன். ஒரு பின்னைப் படிக்கச் சிப்புக்குச் சில மைக்ரோநொடி போதும். எனவே மூன்றாம் மேசையைவிட முதல் மேசைக்கு இருந்த சலுகை ஆயிரக்கணக்கான மடங்கு சுருங்கிவிட்டது. மனிதக் கைக்கு அது சமம்தான்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று பின்னையும் சேர்த்த சோதனையில் இன்னும் ஒன்றாம் அணியே ஜெயித்துக்கொண்டிருந்தது. நடைமுறையில் பாதிப்பில்லை என்று தெரிந்தாலும் மனம் ஒப்பவில்லை. தேடியதில் ஓர் அழகான விஷயம் கிடைத்தது. யூனோவில் 0 முதல் 7 வரையுள்ள எட்டுப் பின்களும் சிப்புக்குள் போர்ட் டி என்ற ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசையை மொத்தமாக ஒரே வாசிப்பில், ஒரு மைக்ரோநொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரத்துக்குள், ஒரே எண்ணாக எடுத்துவிடலாம். எங்கள் பட்டன்கள் 2, 3, 4ஆம் பின்களில். இரும எண் கணக்கில் அவற்றின் மதிப்பு முறையே 4, 8, 16. மற்றப் பின்களை வடிகட்டிவிட்டால் யாரும் அழுத்தாதபோது வரும் எண் 28. ஒன்றாம் மேசை அழுத்தினால் 24, இரண்டாவது 20, மூன்றாவது 12. கூட்டிக் கழித்தே பிழைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்? மூன்று மேசையையும் ஒரே கணத்தில் படம் பிடித்த மாதிரி. இரண்டு பேர் ஒன்றாக அழுத்தியிருந்தால் இரண்டு விளக்கும் எரியட்டும், கேள்வி கேட்பவர் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். சோதனையில் இப்போது ஏறக்குறைய எல்லா முறையும் மூன்று விளக்கும் சேர்ந்தே எரிந்தன. மகள் எழுந்து நின்று கை தட்டினாள்.

மார்கழி பிறந்ததும் பெரிய பட்டனுக்கு மாறினோம். பிள்ளைகள் ஓங்கிக் குத்துவார்கள், சின்னப் பட்டன் தாங்காது. தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் மூன்று காலிங் பெல் சுவிட்ச் வாங்கினேன். "மூணு வாசலா சார் உங்க வீட்டுக்கு?" என்றார் கடைக்காரர். சும்மா ஒரு ஆசைக்கு அதன் துள்ளலையும் எண்ணிப் பார்த்தோம். பத்து அழுத்தலுக்கு முப்பதைத் தாண்டியது. நல்லவேளை, எங்களுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லாமல் போயிருந்தது.

ஒரு எல்இடி கூட்டத்தின் கடைசி வரிசைக்குத் தெரியாது. 12 வோல்ட் எல்இடி பட்டையிலிருந்து மூன்று மூன்று விளக்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு தீபாவளி ஸ்வீட் டப்பாவுக்குள் ஒட்டி, மூடி இருந்த இடத்தில் பட்டர் பேப்பர் கட்டினோம். பின் நேரடியாக 12 வோல்ட்டை ஆள முடியாது. நடுவில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வேண்டும், அதை இயக்கும் காலான பேஸுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 'பீப்' சத்தம் போடும் பஸ்ஸருக்கும் இன்னொன்று. எல்லாம் மாட்டிப் பழைய வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் டப்பா எரியவில்லை. பலகை கணினியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது, பட்டை அடாப்டரிலிருந்து எடுக்கிறது. இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்திருந்தேன். பொதுவான கிரவுண்ட் இல்லையென்றால் பின் கொடுக்கும் 5 வோல்ட்டுக்கு டிரான்சிஸ்டரைப் பொறுத்தவரை அர்த்தமே கிடையாது. ஒரு ஒயர் போட்டதும் மூன்று டப்பாவும் கோயில் விளக்கு மாதிரி எரிந்தன.

பஸ்ஸர் அரை நொடி ஒலிப்பதற்கு மட்டும் டிலே போட்டிருக்கிறேன். டிலே என்றாலே விரட்ட வேண்டியதில்லை. வெற்றி பதிவான பிறகு சிப்புக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை, அரை நொடி தூங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒயருக்குப் பழைய லேன் கேபிளை உபயோகித்தோம். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாகப் பின்னியிருக்கும். ஒரு ஜோடி ஒரு பட்டனுக்கு. மேசைக்கு நாலு மீட்டர். போகிக்கு முந்தின ஞாயிறு கீழே பொதுக்கூடத்தில் ஒத்திகை. எல்லாம் செருகி, எல்லோரும் உட்கார்ந்து, செயலாளர் டியூப்லைட்டைப் போட்டார். 'பீப்' என்று சத்தம், இரண்டாம் மேசை டப்பா எரிந்தது. மேசையில் ஆளே இல்லை. ரீசெட் செய்தோம். யாரோ ஃபேனைப் போட்டார்கள். மறுபடி பீப், இப்போது மூன்றாம் மேசை. "பரவாயில்லையே, கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுது" என்றார் செயலாளர். நான் சிரித்தேன், ஆனால் வியர்த்துவிட்டது.

வீட்டில் அரை அடி ஒயரில் இதெல்லாம் வரவில்லை. நாலு மீட்டர் ஒயர் கிட்டத்தட்ட ஒரு ஆன்டெனா. சோக் போட்ட டியூப்லைட்டும் ஃபேனும் எரியும் கணத்தில் ஒரு மின்வீச்சைத் தெறிக்கவிடும், அது ஒயரில் ஏறும். சிப்புக்குள் இருக்கும் 20, 50 கிலோ ஓம் ஸ்பிரிங் இதற்கு ரொம்பத் தளர்ச்சி. அதோடு டிலேயை எடுத்த பிறகு எங்கள் நிரல் மைக்ரோநொடி அசைவைக்கூட விடாமல் பிடிக்கிறது. நியாயத்துக்காகக் காதைக் கூர்மையாக்கினால் கிசுகிசுப்பும் கேட்கத்தானே செய்யும்?

இதை நிரலில் தீர்க்கலாம், ஒரு மில்லிநொடி கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்யலாம். எனக்கோ அந்தப் பக்கம் மறுபடி போக மனமில்லை. ஒயரிலேயே தீர்த்தோம். பலகைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பட்டன் ஒயரிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஸ்பிரிங் இப்போது இறுகிவிட்டது. அதே ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், 104 என்று எழுதிய சின்னக் கெபாசிட்டர். 104 என்றால் 10க்குப் பின்னால் நாலு பூஜ்யம், ஒரு லட்சம் பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். கண்நேரத் தெறிப்பை அது விழுங்கிவிடும். விரல் அழுத்தும்போது பட்டன் அதைச் சட்டென்று காலி செய்துவிடுவதால் தாமதமும் இல்லை. லேன் கேபிளை மின்சார ஒயர்களை ஒட்டிப் போட்டிருந்தோம், அதையும் தள்ளிப் போட்டோம். மறுநாள் மாலை செயலாளர் எல்லா சுவிட்சையும் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, சளைக்காமல் சோதித்தார். பீப் வரவில்லை.

கடைசிப் பாடத்தை எடுத்தவன் மாடி வீட்டுப் பையன். முதலில் பலகையில் இருக்கும் ரீசெட் பட்டனையே கேள்விக்குக் கேள்வி அழுத்திக்கொண்டிருந்தோம். அதை அழுத்தினால் சிப் முழுவதும் புதிதாகத் துவங்கும், அதற்கு ஓரிரு நொடி ஆகும், அந்த நேரத்தில் யார் அழுத்தினாலும் பதிவாகாது. சரி என்று 7ஆம் பின்னில் தனியாக ஒரு 'அடுத்த கேள்வி' பட்டன் வைத்தோம். உடனே பையன் தன் பட்டனை அழுத்தியபடியே வைத்துக்கொண்டான். அடுத்த கேள்வி என்றதும் அவனுக்கு வெற்றி, கேள்வியே இன்னும் வரவில்லை. திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை. 'எண் 28 ஆகும்வரை ஆட்டத்தைத் திறக்காதே' என்று ஒரு வரி சேர்த்தோம். எல்லோரும் கையை எடுத்தால்தான் இனி அடுத்த கேள்வி.

விழா அன்று மூன்று சுற்று எந்தத் தகராறும் இல்லாமல் போனது. ஒரே ஒரு முறை ஒன்றாம் மேசையும் மூன்றாம் மேசையும் சேர்ந்து எரிந்தன. எனக்குத் தெரிந்த கணக்குப்படி அப்படி நடக்கவே கூடாது, சில மைக்ரோநொடிக்குள் இரண்டு விரல் பொருந்தியிருக்க வேண்டும். கேள்வி கேட்டவர் வேறு கேள்வி கேட்டுவிட்டார், கூட்டம் விசிலடித்தது. நான் மட்டும் எழுந்துபோய் இரண்டு கேபிளையும் ஆட்டிப் பார்த்தேன். மூன்றாம் மேசை ஜோடியில் ஒரு கம்பியின் உறை உரிந்து, முதல் மேசைக் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

நாலாம் சுற்றுக்கு நடுவில் யாரோ ஒரு குட்டிப் பையன் ஓடிவந்து கேபிளில் தடுக்கி, இரண்டாம் மேசை ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போனான். நான் எல்லாவற்றையும் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன், செருகிக் கழற்ற வழியில்லை. மகள் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, பல்லால் உறையை உரித்துக் கையால் முறுக்கி ஒட்டவைத்தேன். கேபிள் முனைக்குச் சாக்கெட் வைக்க வேண்டும். அடுத்த வருடம் ஐந்து அணி என்று செயலாளர் அப்போதே அறிவித்துவிட்டார். 5, 6ஆம் பின் இரண்டும் காலியாகத்தான் இருக்கின்றன.